இடது கண்ணில் நிற்பவள்

பிப்ரவரி 4, சனி

ஆந்தைக்கு,

நான் நலம். நீயும் அப்படியே என்று வைத்துக்கொள்கிறேன்.

போனில் பேசினால் நான் பாதியில் குறுக்கே விழுகிறேன், அதனால் எழுது என்று சொல்லிவிட்டுப் போனாய். இத்தனை மாதம் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. எழுத ஒன்றும் இல்லை. தொழிற்சாலை, எனக்கு 'கேஜ்' என்று பட்டப்பெயர் வாங்கித் தந்த அளவுக் கருவிகள் அறை, வீடு, அம்மாவின் முனகல். "ரத்தத்தை உத்துப் பாக்குற வேலை இந்த ஊர்ல கெடைக்கலையா உன் பொண்டாட்டிக்கு?" என்று தினமும் ஒரு தடவை கேட்கிறாள். 

இப்போது எழுத இரண்டு விஷயம் இருக்கிறது. மார்ச் 12 ரைஃபிள் அணித் தேர்வு. படுத்துச் சுடும் ஐம்பது மீட்டர், முதல் மூன்று பேருக்கு இடம். அணியில் இடம் கிடைத்தால் கம்பெனியில் கேட்கிற கிளைக்கு மாற்றல் தருவார்கள். உன் ஊரில் ஒரு கிளை இருக்கிறது. இதற்கு மேல் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, இடது கண்ணை மூடிச் சுடுவதை விட்டுவிட்டேன். சிரிக்காதே. மூடிய கண்ணின் தசையை இழுத்துப் பிடிக்கப் பிடிக்க, குறி பார்க்கிற கண்ணும் சேர்ந்து சோர்கிறது. பாதிச் சுற்று முடிவதற்குள் அட்டையின் கறுப்பு வட்டம் சாம்பலாகிவிடுகிறது. நீ சொன்னபோது கேட்கவில்லை, புத்தகத்தில் படித்ததும் கேட்டுக்கொண்டேன். என் புத்தி அப்படி. இரண்டு கண்ணையும் திறந்து வைத்த முதல் வாரத்திலேயே துளைகள் எல்லாம் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்குகின்றன.

ஒரே ஒரு சின்னத் தொந்தரவு. வலது கண் ரைஃபிளின் குறித்துளைக்குள் போய்விடுகிறது. இடது கண்ணுக்கு வேலை இல்லை, அது பக்கத்து லேனைப் பார்க்கிறது. பக்கத்து லேன் உன்னுடையது. நீ போனபின் அதில் யாரும் படுப்பதில்லை. செவ்வாய் மாலை அந்த லேனின் கோடியில், அட்டை மாட்டும் சட்டத்துக்கு இடப்பக்கம், ஒரு பெண் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தேன். மண்மேடு மட்டும்தான். மறுபடி ரைஃபிளில் கன்னத்தை வைத்தேன். இருந்தாள். சுடும்போது போடுகிற கண்ணாடியில் ஏதோ பிரதிபலிப்பு. துடைத்தேன். நேற்றும் இருந்தாள். இரண்டு பிம்பத்தைச் சேர்க்கத் தெரியாமல் மூளை தடுமாறுகிறது, அவ்வளவுதான். பழகிவிடும்.

கிளப்பில் உன்னை விசாரிக்கிறார்கள். "என்ன கேஜ், ஆந்தை எப்ப திரும்பி வருது?" என்று குண்டூசி கேட்டான். "அளந்து சொல்றேன்" என்றேன்.

கேஜ்


பிப்ரவரி 9, வியாழன்

என் கேஜுக்கு,

இத்தனை மாதம் கழித்து வந்த கடிதத்தில் 'நலமா' என்று ஒரு கேள்விகூட இல்லை. 'வைத்துக்கொள்கிறேன்' என்று தீர்மானம். படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். பிறகு, வேறு ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று தாளைத் திருப்பிப் பார்த்தேன்.

அத்தையிடம் நான் கேட்டதாகச் சொல். அவர்கள் முன்னால் உன்னை 'நீங்க' என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு, அறைக்குள் வந்ததும் 'டேய்' என்பேனே, அந்த ஞாபகம் வந்தது. இங்கே 'டேய்' சொல்ல ஆள் இல்லை. பரிசோதனைக்கூடத்தில் எல்லோரும் எனக்கு சார், மேடம்.

ஆக, என் வழிக்கு வந்துவிட்டாய். போன வருஷம் கிளப் போட்டியன்று நான் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, என்னைக் கேட்காமல் என் கண்ணாடியின் இடது பக்கத்தில் பால்நிற டேப்பை ஒட்டினாயே, அதே ஆள்தானே நீ? 'குறி பாக்குறதுல உன்னோட மூத்த கண்ணு இடது. அது வலதை ஏமாத்துது, நான் டெஸ்ட் பண்ணிட்டேன்' என்றாய். உன் கணக்கு சரி. கோப்பையும் கிடைத்தது. ஆனால் அந்த நேரம் முழுக்க யாரோ என் முகத்தில் பாதியைக் கையால் பொத்திக்கொண்டிருந்தது போல இருந்தது எனக்கு. அதற்குப் பிறகு நான் ரைஃபிளைத் தொடவில்லை. அடுத்த மாதம் இந்த வேலைக்கு எழுதிப் போட்டேன். ஏன் என்று இன்றுவரை நீ கேட்கவில்லை.

போகட்டும். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் மைக்ராஸ்கோப்புக்கு ஒரே குழல். என் மூத்த கண்தான் குழலில் இருக்கும். வலது கண் திறந்தபடி சும்மா இருக்கும். நீ சொன்ன அதே செவ்வாய் மாலை, ஸ்லைடின் ஓரத்தில் ஒரு கறுப்பு வளையம் வந்தது. தூசி என்று லென்ஸைத் துடைத்தேன். பிறகு கண்ணைக் குழலிலிருந்து எடுத்தேன். வளையம் கண்ணோடு கூடவே வந்தது. சுவரில் நின்றது. கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. வெள்ளிக்கிழமையும் வந்தது.

அந்தப் பெண் என்ன உடுத்தியிருந்தாள்?

உன் ஆந்தை


பிப்ரவரி 14, செவ்வாய்

ஆந்தைக்கு,

முதலில் கண் டாக்டரைப் பார். விழித்திரை சம்பந்தப்பட்ட விஷயத்தில் கதை பேசிக்கொண்டு உட்காரக்கூடாது. இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே போ.

கேட்டதால் சொல்கிறேன். நீலக் கோட்டு. இடது பை ஒரு பக்கம் கிழிந்து தொங்குகிறது. நாலு கால் ஸ்டூல், ஒரு காலுக்கடியில் மடித்த அட்டை. எதிரே நீள ஜன்னல், அதில் ஒரு கண்ணாடி மட்டும் கொஞ்சம் பச்சை. முகம் தெரியவில்லை. திரும்புவதே இல்லை.

இதற்கு விளக்கம் இருக்கிறது. வேலையில்லாத கண்ணுக்கு மூளை எதையாவது போட்டு நிரப்பும். எனக்குப் பழக்கமான முதுகு ஒன்றுதான். அதைப் போட்டு நிரப்புகிறது. ஸ்டூல் என்றால் ஆடத்தான் செய்யும், ஆடினால் அட்டை வைக்கத்தான் செய்வார்கள். உன் வளையம் வேலைக் களைப்பு. இரண்டும் ஒரே நாளில் வந்தது தற்செயல். வாரத்தில் மொத்தமே ஏழு நாள்தான்.

எனக்கு உள்ள உண்மையான பிரச்சினை வேறு. பிம்பம் நகர்கிறது. முதலில் சட்டத்துக்கு இடப்பக்கம் ஓர் ஆள் அகலம் தள்ளி இருந்தது. போன வெள்ளி அதில் பாதி. இன்று உன் தோள் அட்டையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கண்ணும் ஒன்றாக இழுக்கப் பழகுகின்றன என்று அர்த்தம். நல்லதுதான். பழகப் பழகப் புள்ளிகள் ஏறுகின்றன.

ஏன் என்று கேட்கவில்லை என்கிறாய். கோப்பை வாங்கிய ஆள் கோபமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது தெரிந்துகொண்டேன்.

கேஜ்


பிப்ரவரி 19, ஞாயிறு

அன்புள்ள கேஜ்,

டாக்டரிடம் போனேன். சொட்டு மருந்து ஊற்றி, இருட்டில் உட்கார வைத்து, விளக்கடித்துப் பார்த்தார். "கண்ணு ரெண்டும் கண்ணாடி மாதிரி இருக்கும்மா. வீட்ல ஏதாவது கவலையா?" என்றார். "வீடு இங்க இல்ல டாக்டர்" என்றேன். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

நீ எழுதியதில் 'உன் தோள்' என்று ஓர் இடத்தில் வருகிறது. நீயே கவனித்திருக்க மாட்டாய்.

கோட்டுப் பை இங்கே வந்த பிறகுதான் கிழிந்தது, கதவுக் கொண்டியில் மாட்டி. அந்த ஸ்டூல் நான் இங்கே வந்தபின் எனக்குக் கொடுத்தது. அட்டையை நானே மடித்து வைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. ஜன்னலில் உடைந்த ஒரு கண்ணாடிக்குப் பதில் கையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள், அது பச்சை. நீ இந்த அறைக்கு வந்ததே இல்லை. வா என்று நான் கூப்பிட்டதும் இல்லை.

வளையம் இப்போது ஓரத்தில் இல்லை. நடுவுக்கு வந்துவிட்டது. நேரே எதிரே, ஜன்னலில் நிற்கிறது. அது சும்மாவும் நிற்கவில்லை. மெல்ல மேலே ஏறுகிறது, இறங்குகிறது, ஓர் இடத்தில் அசையாமல் நிற்கிறது. பிறகு ஒரு துள்ளு. மறுபடி ஏறி இறங்குகிறது. எத்தனையோ மாலை உன் பக்கத்து லேனில் படுத்திருக்கிறேன். நீ மூச்சைப் பாதி விட்டு நிறுத்துகிற விதம் எனக்குத் தெரியும். இது உன் ரைஃபிளின் குறிவளையம், உன் மூச்சு, டேய்.

முன்போலவே இடது கண்ணை மூடிச் சுடேன். எனக்காக.

உன் ஆந்தை


பிப்ரவரி 25, சனி

ஆந்தைக்கு,

மூடிச் சுட்டுப் பார்த்தேன். ஒரு சுற்று முழுக்க. பார்த்துக்கொண்டிருந்த குண்டூசி, "கேஜ், இன்னிக்கு அட்டைய விட்டுட்டு அட்டை மாட்டுற சட்டத்தைச் சுடுறியா?" என்றான். இந்தப் புள்ளிகளை வைத்துக்கொண்டு அணிக்குள் நுழைய முடியாது. அணி இல்லையென்றால் மாற்றல் இல்லை. மாற்றல் இல்லையென்றால் நீ அங்கே, நான் இங்கே. நீயே சொல், யாருக்காக மூடுவது?

அதனால் நடுவழி ஒன்று செய்தேன். நேற்றிலிருந்து கண் திறந்தே இருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு பால்நிறப் பட்டை. வெளிச்சம் வரும், உருவம் வராது. தசைக்கும் களைப்பில்லை. நாலு பேர் பயன்படுத்துகிற முறைதான், விதியிலும் இடம் உண்டு. உன் கண்ணாடியில் ஒட்டிய அதே டேப் சுருள். மிச்சம் இருந்தது.

பலன் நன்றாக இருக்கிறது. அட்டை சுத்தம். ஆள் இல்லை.

ஒன்றை மட்டும் முழுமைக்காக எழுதுகிறேன். பட்டை எல்லா இடத்திலும் ஒரே வெள்ளையாக இல்லை. நடுவில் கொஞ்சம் கருக்கல். பட்டையைக் கழற்றி விளக்கில் பிடித்துப் பார்த்தேன், அழுக்கில்லை. மாட்டினால் மறுபடி வருகிறது. பனிபடிந்த கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் மிக நெருங்கி நிற்பது போல. சுடும்போது அதைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. நான் பார்க்கவில்லை.

கேஜ்


மார்ச் 1, புதன்

கேஜ்,

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். கோடு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

வெள்ளி மாலையிலிருந்து இடது கண்ணில் பால் ஊற்றியது போல இருக்கிறது. வெளிச்சம் வருகிறது, உருவம் வரவில்லை. உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. எனக்குத் தோன்றிய அதே வார்த்தைகள் அதில் இருந்தன. படித்ததும் கையால் முகத்தைத் தடவிப் பார்த்தேன், டேப்பின் ஓரம் எங்காவது அகப்படுகிறதா என்று.

முன்பு நீ சுடுகிற நேரத்துக்குத்தான் வரும், போகும். இது போகவே இல்லை. நீ பட்டையைக் கழற்றாமல் அப்படியே கண்ணாடியோடு பெட்டிக்குள் வைத்துவிடுகிறாயா?

தலைமை டெக்னீஷியன் நல்ல மனுஷி. "கொஞ்ச நாள் ரிப்போர்ட் டைப் பண்ணும்மா, ஸ்லைடை வேற ஆள் பாக்கட்டும்" என்றார். நேற்று நான் சரி என்று அனுப்பிய ஸ்லைடில் அவர் இரண்டு இடத்தில் திருத்தம் போட்டிருந்தார். இந்த மாதம் இப்படியே போனால் என்னை இங்கே வைத்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. உன்னிடம் சொன்னதில்லை. இரண்டு கண்ணும் திறந்து நான் செய்கிற ஒரே வேலை இது.

அதைக் கழற்று.


மார்ச் 5, ஞாயிறு

ஆந்தைக்கு,

ஆமாம், பட்டை கண்ணாடியிலேயேதான் இருந்தது. கழற்றிக் கழற்றி மாட்டினால் இடம் மாறும். உன் கடிதம் வந்ததும் எடுத்துவிட்டேன். இப்போது சரியாகியிருக்க வேண்டும். சரியாகவில்லை என்றால், பட்டைக்கும் உன் கண்ணுக்கும் சம்பந்தமில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டில் எதுவானாலும் தெளிவு கிடைக்கும்.

யூகத்தில் எனக்கு விருப்பம் இல்லை. சோதித்துவிடலாம். வரும் வெள்ளி மாலை பயிற்சியின்போது பட்டையை மாட்டுவேன், எடுப்பேன், மறுபடி மாட்டுவேன். எப்போது என்று உனக்குச் சொல்லமாட்டேன், நேரத்தைக் குறித்து வைப்பேன். நீயும் மூட்டம் வருகிற நேரத்தையும் போகிற நேரத்தையும் குறித்து அனுப்பு. ஒப்பிட்டுப் பார்ப்போம். பொருந்தினால் நம்புகிறேன். பொருந்தாவிட்டால் நீ நம்பாமல் இரு. நியாயம்தானே?

பட்டை இல்லாமல் நேற்றுப் படுத்தேன். அவள் அட்டைக்கு நேராக வந்துவிட்டாள். கறுப்பு வட்டம் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் நிற்கிறது. அது வெறும் பிம்பம் என்று எனக்குத் தெரியும். சுட்டேன். நடுப்புள்ளி. இதுவரை சுட்டதிலேயே நல்ல சுற்று.

ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் அந்த முதுகு கொஞ்சம் விறைத்தது.

கேஜ்


மார்ச் 8, புதன்

அன்புள்ளவனுக்கு,

மூட்டம் விலகிவிட்டது. எப்போது விலகியது என்று எனக்குத் தெரியும். உனக்குச் சொல்லமாட்டேன். வெள்ளிக்கிழமையும் எதையும் குறிக்கமாட்டேன்.

கோபத்தில் எழுதவில்லை. பொறுமையாக யோசித்துத்தான் எழுதுகிறேன். உன் தொழிற்சாலை அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக இருக்கின்றனவே, நீ தினமும் துணியால் துடைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிற இரும்புக் கட்டைகள், அவற்றில் ஒன்று இல்லை நான். கண் தெரியவில்லை என்று சொன்னேன். பொருந்தினால் நம்புகிறேன் என்கிறாய். பொருந்திய பிறகு வருகிற நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

முதுகு விறைத்தது என்று எழுதியிருக்கிறாய். சனிக்கிழமை நான் ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருந்தேன். வளையத்தை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் கண்ணை மூடினேன். மூடியும் நின்றது. அப்புறம் நீ துள்ளுகிற ஒவ்வொரு தடவையும் என் முதுகில் ஐஸ் வைத்தது போல ஒரு புள்ளி. ஒரே இடத்தில்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. பட்டை போட்டால் என் கண் போகும். போடாவிட்டால் நான் எதிரே இருப்பேன். மூடிச் சுட்டால் நீ தோற்பாய். நீ கெட்டிக்காரன், தீர்மானித்துக்கொள். விடுமுறை நாள்தான், ஆனாலும் நான் பரிசோதனைக்கூடத்துக்குப் போய் அந்த ஸ்டூலில்தான் உட்காரப்போகிறேன். எங்கும் போய் ஒளிந்துகொள்ள மாட்டேன்.

ஆந்தை


மார்ச் 12, ஞாயிறு மாலை

அன்புள்ள ஆந்தைக்கு,

இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது மூன்றாவது. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். குறுக்கே விழாமல் கேள்.

வெள்ளிக்கிழமை நான் பயிற்சிக்குப் போகவில்லை. உன் கடிதம் வருவதற்கு முன்பே அப்படி முடிவு செய்துவிட்டேன்.  பட்டையைத் தூக்கி எறிந்துவிட்டேன்.

இன்று இடது கண்ணை மூடித்தான் தொடங்கினேன். பாதிச் சுற்றில் மூன்றாம் இடத்துக்கும் கீழே போய்விட்டேன். குண்டூசி பின்னால் நின்று, "தொறடா கண்ணை, தொற" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான். திறந்தேன். நீ இருந்தாய். நீலக் கோட்டு, நேர் நடுவில். உன்னை ஒரு ஜன்னல் என்று நினைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகச் சுடுவதுபோல் சுட்டேன். புள்ளிகள் ஏறின. கடைசிக் குண்டு வரும்போது நான் மூன்றாம் இடத்தில் இருந்தேன். ஒன்பதாம் வளையத்தைத் தொட்டாலும் போதும்.

மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். அப்போது நீ ஸ்டூலில் அப்படியே திரும்பினாய். இத்தனை நாளில் முதல் தடவை முகம் தெரிந்தது. மெலிந்திருக்கிறாய். என்னைப் பார்த்துக்கொண்டே உள்ளங்கையைத் தூக்கி உன் இடது கண்ணைப் பொத்தினாய்.

உடனே என் இடது பக்கம் இருண்டது. சாயங்காலம் கடைக் கதவு இறங்குகிற மாதிரி. எதிரே வெறும் அட்டை, கறுப்பு வட்டம், வளையத்துக்குள் வளையம். அவ்வளவு சுத்தமான குறியை நான் பார்த்ததே இல்லை. விரல் விசையில்தான் இருந்தது. கொஞ்சம் அழுத்தினால் போதும்.

போல்ட்டைத் திறந்து குண்டை வெளியே எடுத்துவிட்டு எழுந்தேன். ரேஞ்ச் ஆபீசர் ஓடி வந்து, "என்னப்பா, கோளாறா? டைம் இருக்கு, வேற ரைஃபிள் தரட்டுமா?" என்றார். "கோளாறு இல்ல சார். போதும்" என்றேன். குண்டூசி தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தான்.

அணி இல்லை. மாற்றல் இல்லை. ஏன் செய்தேன் என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. நீ கையால் பொத்தினாயா என்று கேட்டு எழுதத்தான் முதல் தாளை எடுத்தேன். கேட்கப்போவதில்லை.

வலித்ததா என்று மட்டும் கேட்கிறேன். அன்றைக்கு, டேப் ஒட்டியபோதும்.

கேஜ்


மார்ச் 13, திங்கள்

டேய்,

நேற்று நீ எழுதிய கடிதம் இன்னும் வரவில்லை. வரும்வரை காத்திருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ ஜெயித்துக்கொள், இந்த ஒரு தடவை முணுமுணுக்காமல் நானே பொத்திக்கொள்கிறேன் என்றுதான் திரும்பினேன். கையை எடுத்துவிட்டு மறுபடி முன்பக்கம் திரும்பியபோது ஜன்னலில் வளையம் இல்லை. பச்சைக் கண்ணாடி இருந்தது. வெளியே சாலையில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். முதுகில் அந்தக் குளிர்ப் புள்ளியும் இல்லை. இன்று காலை ஸ்லைடுகளை எனக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆனால் நேற்று மாலை இன்னொன்று வந்தது. அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இடது கண்ணின் ஓரத்தில் நம் சாப்பாட்டு மேஜை. நீ எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாய். ஒரு தாளைக் கிழித்துக் கசக்கினாய். இன்னொன்றையும் கிழித்தாய். பிறகு மூன்றாவது தாளில் எழுதத் தொடங்கினாய். என்ன எழுதினாய் என்று தெரியவில்லை, தோள் மறைத்தது.

சட்டையின் இடது தோளில் தையல் விட்டிருக்கிறது. நீ ஊசியை எடுக்காதே, அளந்து அளந்து அதைச் சின்னப் பிள்ளைச் சட்டை ஆக்கிவிடுவாய். சனிக்கிழமை வருகிறேன். அத்தையிடம் சொல்லிவை. நான் தங்குவதா, உன்னைக் கூட்டிக்கொண்டு போவதா என்பதையெல்லாம் தைத்துக்கொண்டே பேசலாம்.

அதுவரை மாலையில் அதே நாற்காலியில், அதே பக்கமாக உட்கார். ஏதோ நிற்கிறது என்று தோன்றினாலும் திரும்பாதே. திரும்பினால் இது நின்றுபோய்விடும் என்று பயமாக இருக்கிறது. நான் இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

உன் ஆந்தை